ஈயும் கரத்தை இயக்குவது எது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் எழுகின்ற நேரம். பள்ளிவாசலின் தலைவாயிலில் இருவர் எதிரெதிரே நின்று ஒரு துண்டை ஏந்திப் பிடித்திருக்கின்றனர். ஏழைக் குமர் ஒன்றைக் கரையேற்ற உதவி தேவை என்று இமாம் அவர்கள் சற்று முன்னர்தான் அறிவித்தார்கள். முதலில் வந்தவர் நூறு ரூபாய்த் தாள் ஒன்றைத் துண்டில் இடுகிறார். அடுத்து வருபவர் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்தவர், முன்னவர் இட்டதைக் கண்டதும் அதனை உள்ளே வைத்துவிட்டு ஐம்பதை எடுக்கிறார். மூன்றாமவர், செருப்பைத் தேடுபவர்போல் தலையைக் குனிந்துகொண்டு பக்கவாயில் வழியே நழுவிவிடுகிறார். நான்காமவரோ, "இது அந்தப் பிள்ளைக்குத்தான் போய்ச் சேருகிறதா, யார் கண்டது?" என்று அருகிலிருப்பவர் காதில் சொல்லிக்கொண்டே நடந்துவிடுகிறார்.

அன்பிற்குரிய வாசகர்களே! இந்த நால்வரில் நாம் எவர்? இக்கட்டுரையாளன் வெவ்வேறு வெள்ளிக்கிழமைகளில் நால்வராகவும் இருந்திருக்கிறான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

நால்வரும் கேட்டது ஒரே குத்பாவை. நால்வரும் நின்றது ஒரே ஸஃப்பில். ஈகையின் சிறப்பை அறியாதவர் அவர்களில் எவருமிலர். அப்படியிருந்தும் ஒருவர் கரம் நீள்கிறது, மற்றொருவர் கரம் மடங்குகிறது. அறிவுரைக்கும் ஈகைக்கும் இடையே வேறு ஏதோ ஒன்று புகுந்து கரத்தை இயக்குகிறது. அது எது?

இக்கேள்வியை உலகின் பல நாடுகளிலும் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். ஹாலந்து நாட்டைச் சேர்ந்த ரெனே பெக்கர்ஸ், பமலா வீப்கிங் என்னும் இருவர், மக்கள் அறநிறுவனங்களுக்குப் பொருள் ஈவது பற்றி வெளிவந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் படித்து 2011-ஆம் ஆண்டில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டனர். ஈகையைத் தூண்டும் காரணங்கள் எட்டு என்பது அவர்கள் கண்ட முடிவு. தேவை ஒன்று இருக்கிறது என்று அறிவது, ஒருவர் வந்து கேட்பது, ஈவதனால் நேரும் செலவும் வரும் பயனும், பிறர் நலத்தில் உள்ள அக்கறை, நற்பெயர், உள்ளத்துக்குக் கிட்டும் நிறைவு, தாம் போற்றும் கொள்கை, தம் பொருள் வீணாகாது என்னும் நம்பிக்கை. ஜகாத்தைப் பெறத் தக்கோரையும் திருமறை எட்டு வகையினராகவே வகுத்திருக்கிறது. எண்ணிக்கை ஒத்திருப்பது தற்செயல்தான்; ஆயினும் நினைவில் நிறுத்த எளிது.

எட்டையும் ஈண்டு விரிக்கப் புகவில்லை. நம் வாழ்வில் அன்றாடம் குறுக்கிடும் சிலவற்றை மட்டும் நோக்குவோம்.

கேட்டவர்க்கே கிடைக்கிறது

மேற்கூறிய அறிஞர்கள் எடுத்துக்காட்டும் செய்திகளுள் முதன்மையானது இது: மேலை நாடுகளில் நன்கொடை கொடுத்தோரை வினவியபோது, நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட கொடைகள் யாரேனும் வந்து கேட்டதன் பின்னரே கொடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது. தாமாகவே எழுந்து சென்று கொடுப்போர் மிகச் சிலர்.

இது மனித இயல்பு. இதனை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நன்கறிந்திருந்தார்கள். ஒரு பெருநாளன்று தொழுகையும் குத்பாவும் முடிந்தபின், பெண்கள் இருந்த பகுதிக்குப் பிலால் (ரலி) அவர்களுடன் சென்று, அவர்களுக்கு நல்லுரை கூறி, தருமம் செய்யுமாறு பணித்தார்கள். பிலால் (ரலி) அவர்கள் தம் ஆடையை விரித்துப் பிடித்தார்கள். மாதர்கள் தம் காதணிகளையும் மோதிரங்களையும் கழற்றி அதில் இட்டார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி ஷரீஃபில் காணப்படுகிறது. நம் பள்ளிவாசல் வாயிலில் ஏந்தப்படும் துண்டைக் கண்டு முகஞ்சுளிப்போர், அதன் முன்னோடி யாருடைய ஆடை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் கேட்பதற்கு மறுபுறமும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகே ஒரு பெரிய அங்காடியின் வாயில்களில், இரட்சணிய சேனையார் கிறிஸ்துமஸ் காலத்தில் மணியடித்து உண்டியல் வைத்து நிதி திரட்டுவதை ஆய்வாளர்கள் ஒரு சோதனையாக அமைத்தனர். சில நாட்களில் ஒரு வாயிலில் மட்டும் ஆள் நின்றார், சில நாட்களில் இரு வாயில்களிலும் நின்றனர். சில வேளை வாய்திறவாது மணி மட்டும் அடித்தனர், சில வேளை வருவோர் முகம் பார்த்து, தருமம் செய்யுங்கள் என்று வேண்டினர். 2017-இல் வெளியான அதன் முடிவு வியப்பானது. வாய்விட்டுக் கேட்டபோது கொடுத்தோர் தொகை பெருகியது. அதேவேளை, தப்பிச் செல்ல வேறு வாயில் இருந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அவ்வழியே சுற்றிச் சென்றனர்!

அவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் அல்லர். நேருக்கு நேர் கேட்டால் மறுக்க முடியாது என்பதை அறிந்தே விலகினர். பக்கவாயிலில் செருப்பைத் தேடும் நம் சகோதரரும் அவ்வகையினரே.

இங்கே நம் சிந்தனைக்கு உரிய செய்தி மற்றொன்று. கேட்டவர்க்கே கிடைக்கும் என்றால், கேளாதவர் நிலை என்ன? அல்பகரா அத்தியாயத்தின் 273-ஆம் வசனம் ஒரு வகை ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் மக்களிடம் வற்புறுத்தி இரப்பதில்லை. அவர்களின் தன்மானத்தைக் கண்டு, விவரம் அறியாதவன் அவர்களைச் செல்வர் என்றே எண்ணிவிடுவான். அவர்களின் முகக்குறிகளைக் கொண்டுதான் அவர்களை அறிய முடியும். இதுவே அவ்வசனத்தின் கருத்து. வெளுத்த சட்டையை மடிப்புக் கலையாமல் அணிந்துவரும் மோதினாரை, ஈட்டித் தரக் கணவர் இல்லாவிட்டாலும் வாசற்கதவைச் சாத்திக்கொண்டு பாய் முடையும் விதவைத் தாயை, கடை நொடித்துப்போன பின்னும் சலாம் சொல்லிச் சிரிக்கும் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். எந்தத் துண்டும் அவர்களுக்காக ஏந்தப்படுவதில்லை.

ஒரு முகமும் ஓராயிரம் முகங்களும்

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது. அதனைச் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

முற்பகல் நேரம். பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒரு கூட்டத்தார் வந்தனர். காலில் செருப்பில்லை. உடலை மறைக்கப் போதிய ஆடையில்லை. கோடிட்ட கம்பளித் துணிகளைப் போர்த்தி, கழுத்தில் வாளைத் தொங்கவிட்டிருந்தனர். பெரும்பாலோர் முளர் குலத்தார். அவர்களின் வறுமையைக் கண்ட மாத்திரத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிட்டது. உள்ளே சென்றார்கள், வெளியே வந்தார்கள். பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லப் பணித்தார்கள். தொழுகை நடத்தினார்கள். பின்னர் உரை நிகழ்த்தினார்கள். மனிதர் அனைவரும் ஓர் ஆன்மாவிலிருந்து படைக்கப்பட்டவர்கள் என்பதையும், நாளைக்கென எதை முற்படுத்தி அனுப்பினோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதையும் உணர்த்தும் மறைவசனங்களை ஓதினார்கள். தீனாரோ, திர்ஹமோ, துணியோ, ஒரு மரக்கால் கோதுமையோ, ஒரு மரக்கால் பேரீச்சம் பழமோ, அதுவும் இயலாதெனில் பாதிப் பேரீச்சம் பழமோ இயன்றதைத் தரும்படி கூறினார்கள்.

அப்போது அன்ஸாரிகளில் ஒருவர் ஒரு பையைத் தூக்கி வந்தார். அதன் பளுவைக் கை தாங்கவில்லை. அவரைத் தொடர்ந்து ஒருவர்பின் ஒருவராக மக்கள் வரத் தொடங்கினர். உணவும் உடையும் இரு குவியல்களாக உயர்ந்தன. பெருமானாரின் திருமுகம் பொன்போல் ஒளிர்ந்ததைத் தாம் கண்டதாக ஜரீர் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள்.

எண்ணிப் பாருங்கள்! அறிஞர்கள் 2011-இல் பட்டியலிட்ட காரணங்கள் பலவும் அந்த ஒரு முற்பகலில் மதீனாவில் ஒருங்கே கூடியிருந்தன. தேவை கண்ணெதிரே நின்றது. கேட்டவர் எவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொள்கை நினைவூட்டப்பட்டது. பாதிப் பழமும் ஏற்கப்படும் என்றதால் இல்லாதவனுக்கும் வழி திறந்தது. முதலாமவர் எழுந்தார், மற்றவர்கள் தொடர்ந்தனர்.

ஆனால் அந்த வறுமை கண்ணெதிரே வராமல் காதில் விழும் ஒரு செய்தியாக மட்டும் இருந்திருந்தால்? அமெரிக்காவில் டெபரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரு சிறு பணிக்கு 5 டாலர் கூலி கொடுத்து, அதிலிருந்து ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்கு விரும்பியதைத் தரலாம் என்றனர். ஒரு சாராரிடம் மாலி நாட்டைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் மட்டும் கொடுத்தனர். மற்றொரு சாராரிடம் பல இலட்சம் பேர் பசியால் வாடுவதைப் புள்ளிவிவரங்களாகக் கொடுத்தனர். மூன்றாம் சாராரிடம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தனர். சிறுமியை மட்டும் கண்டவர்கள் சராசரியாக 2 டாலர் 38 சென்ட் ஈந்தனர். எண்களை மட்டும் படித்தவர்கள் 1 டாலர் 14 சென்ட். இரண்டையும் கண்டவர்கள்? கூடுதலாக ஈந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்! இல்லை. 1 டாலர் 43 சென்ட்தான். பல இலட்சம் பேர் இருக்கிறார்கள் என்று அறிந்ததும், அந்த ஒரு சிறுமிக்குக்கூடக் கை சுருங்கிவிட்டது.

கூர்ந்து கவனிக்க வேண்டிய உண்மை இது. நமது இரக்கம் ஒரு முகத்தைத் தேடுகிறது. எண்ணிக்கை வளர வளர அது மரத்துப்போகிறது.

இன்று நம் கைபேசிகளில் நாள்தோறும் நிகழ்வதும் இதுவே. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஒரு குழந்தையின் படமும், கதறும் தாயின் குரலும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. சில நாட்களில் பல இலட்சம் ரூபாய் சேர்ந்துவிடுகிறது. அக்குழந்தைக்கு உதவியவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக. ஆனால் நம் ஊரிலேயே உள்ள எத்தீம்கானாவில் முகம் காட்டாமல் அறுபது பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களின் மாதாந்தர அரிசிக்குப் பொறுப்பாளர் வீடு வீடாக ரசீதுப் புத்தகத்துடன் ஏறி இறங்குகிறார். அறுபது என்பது ஒரு முகம் அன்றே! இன்னொன்றும் உண்டு. படம் எடுத்துப் பரப்பத் தெரிந்தவர்க்கே உதவி கிடைக்கும் என்றாகிவிட்டால், தன் பிள்ளையின் நோயை ஊரறியக் காட்ட மனம் ஒப்பாத தாய் என்ன செய்வாள்? நமது இரக்கம் அவளது மானத்தை விலையாகக் கேட்கிறது.

விசிறியில் எழுதிய பெயர்

நற்பெயரை நாடுவதும் ஈகைக்கு ஒரு தூண்டுகோல் என்பதை மறுப்பதற்கில்லை. எந்த ஊர்ப் பள்ளிவாசலிலும் அண்ணாந்து பாருங்கள். மின்விசிறியின் இறக்கையில் அன்பளித்தவர் பெயர் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். விசிறி கொடுக்கப் பலர் முன்வருகின்றனர். அது சுழல்வதற்கான மின்கட்டணத்தைக் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை! மின்கட்டண ரசீதில் யார் பெயரை எழுதுவது?

எங்கள் பகுதியில் உள்ள ஒரு சிறிய மதரஸாவில் புது முன்கூடம் கட்டுவதென்று அறிவித்தபோது, சில வாரங்களிலேயே தொகை சேர்ந்துவிட்டது; பளிங்குக் கல்லில் பதினான்கு பெயர்கள். அதே ஆண்டில் அங்கே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாது அவர்களுக்கு ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. அவர்கள் எவரிடமும் வாய்திறவாமல், ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தப் பதினான்கு பெயர்களில் என் பெயரும் ஒன்று என்பதால்தான் இதனைச் சொல்ல எனக்கு உரிமையிருக்கிறது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? வெளிப்படையாகக் கொடுப்பதை அது அறவே தடுக்கவில்லை. வெளிப்படையாகத் தருமம் செய்தால் அதுவும் நல்லதே, மறைவாக ஏழைகளுக்குக் கொடுத்தால் அது இன்னும் மேலானது என்ற கருத்தை அல்பகரா 271-ஆம் வசனம் உரைக்கிறது. தபூக் போருக்கு நிதி திரட்டியபோது, அபூபக்ரை இன்று முந்திவிடுவேன் என்று எண்ணி உமர் (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைக் கொணர்ந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களோ தம்மிடம் இருந்த அனைத்தையும் கொணர்ந்திருந்தார்கள். நன்மையில் போட்டியிடுவது அழகானது. முளர் குலத்தார்க்காகப் பையைத் தூக்கி வந்த அன்ஸாரித் தோழர் அதனை மறைத்துக் கொடுத்திருந்தால், மற்றவர்கள் தொடர்ந்திருப்பார்களா? நல்ல வழியைத் தொடங்கி வைப்பவர்க்கு அதன் கூலியும், அதனைப் பின்பற்றுவோரின் கூலிக்கு நிகரானதும் உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றது அந்த நேரத்தில்தான்.

ஆனால் மனிதர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஈபவனை, வழுக்குப் பாறைமேல் படிந்த மண்ணுக்குத் திருமறை ஒப்பிடுகிறது. ஒரு மழை பெய்தால் வெறும் பாறைதான் மிஞ்சும்.

பிறர் கண் தூண்டுவது ஒருபுறம் என்றால், பிறர் நாக்கு தடுப்பது மறுபுறம். நபித்தோழர்களில் சிலர் தருமம் செய்வதற்காகவே சுமைகூலி வேலைக்குச் சென்றார்கள். ஒருவர் நிறையக் கொண்டுவந்தபோது, முகஸ்துதிக்காரர் என்று நயவஞ்சகர்கள் ஏசினர். மற்றொருவர் ஒரு ஸாஉ அளவே கொண்டுவந்தபோது, இந்த அற்பத்தை அல்லாஹ் எதற்குக் கேட்டான் என்று எள்ளினர். நிறையக் கொடுத்தாலும் குற்றம், குறையக் கொடுத்தாலும் குற்றம்! இவர்களைக் கண்டித்துத் தவ்பா அத்தியாயத்தின் 79-ஆம் வசனம் இறங்கியது. இன்றும் நம் ஜமாஅத்துகளில் இத்தகைய நாக்குகளுக்குப் பஞ்சமில்லை. பத்து ரூபாயைத் துண்டில் இட வெட்கப்பட்டு ஒன்றும் இடாமலே போகும் ஏழைச் சகோதரர், அந்த நாக்குகளுக்கு அஞ்சியே போகிறார்.

போய்ச் சேருகிறதா?

இனி அந்த நான்காமவரிடம் வருவோம். அவருடைய ஐயத்தை எள்ளி நகையாடக் கூடாது. பொருள் சரியான இடத்தைச் சேர வேண்டும் என்று கவலைப்படுவது அறிவுடைமை.

பனூ ஸுலைம் குலத்தாரிடம் ஜகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துக் காட்டினார். பெருமானார் (ஸல்) அவர்கள் அதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அவர் தம் தாய் தந்தையர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று மிம்பரில் ஏறிக் கேட்டார்கள். பொதுப்பணத்தில் கணக்குக் கேட்பது சுன்னத்தான செயல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆகவே, ஆண்டுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டாத நிர்வாகிகள், மக்கள் கை சுருங்குகிறதே என்று வருந்திப் பயனில்லை.

ஆனால் இந்த ஐயம் எல்லை மீறுவதும் உண்டு. நான் கொடுத்ததில் ஒரு காசுகூட அலுவலகச் செலவுக்குப் போகக் கூடாது என்போர் நம்மில் மிகுதி. உலகெங்கும் இப்படித்தான். யூரி நீஸி என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் 2014-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனையில், ஒரு கல்வி அறக்கட்டளையின் பெயரால் 40,000 பேருக்கு, நான்கு குழுவாகப் பிரித்து, வேண்டுகோள் அனுப்பப்பட்டது. நிர்வாகச் செலவு முழுவதையும் ஒரு கொடையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார், உங்கள் பணம் முழுதும் நேரே பணிக்கே போகும் என்று அறிவிக்கப்பட்ட குழுவினரிடமிருந்து, சாதாரண வேண்டுகோளைப் பெற்றவர்களிடமிருந்து வந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தொகை வந்தது!

திருமறையோ இவ்விஷயத்தில் நம்மினும் தாராளமாக இருக்கிறது. தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் ஜகாத்துக்கு உரியவர்களை வரிசைப்படுத்தும்போது, வறியோர், ஏழைகள் என்பதற்கு அடுத்து மூன்றாவதாகவே, அதனைத் திரட்டிப் பங்கிடும் பணியாளர்களைக் குறிப்பிடுகிறது. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை, விற்கவோ அன்பளிக்கவோ வாரிசுரிமையாக்கவோ கூடாதென்று வக்ஃப் செய்தபோது, அதனைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்று எழுதி வைத்தார்கள். கணக்கு எழுதுபவருக்கும் வயிறு உண்டு. அவருக்குக் கூலி தராமல் கணக்கு மட்டும் நேராக இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

வேண்டிய அளவு விசாரித்துக் கொடுத்த பின்னும் பொருள் தகாதவர் கையில் சேர்ந்துவிட்டால்? முன்னொரு காலத்து மனிதர் ஒருவரைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அவர் இரவில் தருமம் செய்யப் புறப்பட்டார். முதலில் அறியாமல் ஒரு திருடனிடமும், பின்னர் ஒழுக்கம் கெட்ட பெண்ணொருத்தியிடமும், பின்னர் ஒரு செல்வனிடமும் கொடுத்துவிட்டார். ஊரார் நகைத்தனர். அவரோ ஒவ்வொரு முறையும் அல்லாஹ்வைப் புகழ்ந்தார். அந்தத் திருடன் திருட்டை விடக்கூடும், அவள் தீநெறியை விடக்கூடும், செல்வனும் படிப்பினை பெற்றுத் தானும் ஈயக்கூடும் என்று அவருக்கு அறிவிக்கப்பட்டது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது.

பாங்கொலி ஓய்ந்த பின்

மொராக்கோ நாட்டின் மர்ராகிஷ் நகரக் கடைவீதியில் எரிக் துஹைம் என்பவர் நடத்திய சோதனை 2015-இல் வெளியாயிற்று. கடைக்காரர்களிடம் சென்று, ஒரு தொகையைத் தாமே எடுத்துக்கொள்வதா, தருமத்துக்கு விடுவதா என்று கேட்டனர். பாங்கொலி காதில் விழுந்துகொண்டிருந்த வேளையில் கேட்கப்பட்டோர், மற்ற வேளைகளில் கேட்கப்பட்டோரைவிடத் தாராளமாகத் தருமத்துக்கு விட்டனர்.

படிக்கும்போது உள்ளம் குளிர்கிறது. ஆனால் சிந்தித்தால் கவலையும் எழுகிறது. பாங்கு ஓய்ந்த பின்னரும் அவர்கள் அதே மனிதர்கள், அதே முஸ்லிம்கள். ஏழையின் பசியோ பாங்குக்கு முன்னும் இருக்கிறது, பின்னும் இருக்கிறது. ரமலானில் நம் கைகள் திறக்கின்றன. ஷவ்வால் பிறையோடு மூடிக்கொள்கின்றன. மதரஸாக்களின் அடுப்பு ஷஃபானிலும் எரிய வேண்டுமல்லவா?

மனித உள்ளம் இவ்வாறு முகத்துக்கும் குரலுக்கும் புகழுக்கும் நேரத்துக்கும் ஏற்ப அசைவது என்பதை அறிந்த இறைவன், ஏழையின் வாழ்வை அதன் அசைவுக்கு விட்டுவிடவில்லை. மஆரிஜ் அத்தியாயம், செல்வர்களின் பொருளில் அறியப்பட்ட ஓர் உரிமை உண்டு என்கிறது. யாருக்கு? கேட்பவர்க்கும், 'மஹ்ரூம்' என்பவர்க்கும். பின்னவர், தேவையிருந்தும் கேளாதவர் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். ஜகாத் நாற்பதில் ஒரு பங்கு. ஆண்டு நிறைந்ததும் கணக்கிட்டுப் பிரித்து வைத்துவிட வேண்டியது. மனம் இளகியதா, எவரேனும் வந்து கேட்டாரா, படம் பார்த்தோமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. பிரித்து வைத்த பணம் நமதன்று. ஆகவே அதனை யாரிடம் சேர்ப்பது என்பதை நிதானமாகத் தேடலாம். தேடினால் கேளாதவர்கள் கண்ணில் படுவார்கள்.

விருப்பத் தருமமாகிய ஸதகாவுக்கும் இவ்வாறு ஒரு முறை வகுத்துக்கொண்ட பெரியவர்கள் நம்மிடையே இருந்தனர். உலையில் இடுவதற்காக அரிசியை அளந்தெடுக்கும்போது, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து மதரஸாவுக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவைத்தார்கள் நம் பாட்டிமார்கள். அந்தப் பிடியரிசி ஒருவர் கேட்டு வந்ததன்று. ஒரு படத்தைப் பார்த்து வந்ததுமன்று. அடுப்பு மூட்டும் ஒவ்வொரு நாளும் அது சேர்ந்தது. இன்று அரிசிக் கலயம் போய்விட்டது. எனினும் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் ஒரு தேதியில் ஒரு சிறு தொகை தானாகவே எத்தீம்கானாவுக்குச் செல்ல ஏற்பாடு செய்வது கால் மணி நேர வேலை. வீட்டில் இன்றே பேசிப் பாருங்கள். தொகை எவ்வளவு என்பதை வீட்டுப் பெண்களே முடிவு செய்யட்டும். கலயத்தின் அளவு அவர்களுக்குத்தான் தெரியும்.

கேளாதவர்களைத் தேடிச் சென்று கொடுத்த ஒருவரைப் பற்றி அபூநுஐம் அவர்களின் ஹில்யத்துல் அவ்லியா நூலில் வரும் செய்தியை இங்கே தருகிறேன். மதீனாவில் பல குடும்பங்களின் வாசலில் இரவு நேரத்தில் யாரோ உணவுப் பொருளை வைத்துவிட்டுச் செல்வார்கள். கொண்டுவருபவர் யாரென்று அக்குடும்பத்தார் அறியார். பெருமானாரின் திருப்பேரர் ஹுஸைன் (ரலி) அவர்களின் மைந்தர் இமாம் ஸைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள் காலமானபோது, குளிப்பாட்டியவர்கள் அவர்களின் முதுகில் கறுத்த தழும்புகளைக் கண்டனர். மாவு மூட்டைகளைச் சுமந்த தழும்புகள் அவை. அன்றிரவிலிருந்து அந்த வாசல்களுக்கு ஒன்றும் வரவில்லை.